பன்னிரண்டாவது பெயர்

செட்ரோஸ், ஃபயால் தீவு
14 செப்டம்பர் 2014

அன்புள்ள தியோலிண்டா அக்காவுக்கு,

இது உன் கைக்கு வரும்போது நீ நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். என் உடம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. இடது காது முற்றிலும் போய்விட்டது. வலது காதில் கோயில் மணி கேட்கிறது, பாதரின் பிரசங்கம் கேட்பதில்லை. அதில் பெரிய நஷ்டம் இல்லை.

போன வாரம் நீ தொலைபேசியில் அழைத்தபோது நீயும் கத்தினாய், நானும் கத்தினேன், ஒன்றும் விளங்காமல் இருவரும் வைத்துவிட்டோம். பக்கத்து வீட்டு எர்மெலிண்டா தன் சமையலறையில் இருந்தே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இனிமேல் எழுதுவோம். கடிதத்துக்குக் காது தேவையில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் வா. கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து பிப்ரவரி நடுவரை உன் கல்லூரியில் பாடம் கிடையாது என்று நீயே எழுதியிருக்கிறாய். கில்பெர்ட் அத்தான் இருந்தவரை அவருக்குச் சமைக்க வேண்டும் என்றாய். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. நீ இந்தத் தீவை விட்டுப் போய் ஐம்பத்தாறு வருடம். வந்தபோதெல்லாம் ஆகஸ்ட் திருவிழாவுக்கு வந்து, எல்லோரோடும் சேர்ந்து வந்து, எல்லோரோடும் சேர்ந்து போனாய். போன பிறகு ஒரு ஜனவரிகூட நீ இங்கே இருந்ததில்லை.

காரணம் கேட்பாய். உனக்கு எதற்கும் காரணம் வேண்டும். என் வீட்டுக்காரர் அமதேயு இறந்த பிறகு இது எனக்கு மூன்றாவது குளிர்காலம். எதிரே ஒருவர் உட்கார்ந்து சூப் குடிப்பதை ஐந்து வாரம் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. வேறு காரணம் இல்லை.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
நத்தாலியா


ஹார்ட்லி, கலிஃபோர்னியா
3 அக்டோபர் 2014

அன்புள்ள நத்தாலியாவுக்கு,

உன் காதைத் தவிர மற்றவை ஒழுங்காக இருப்பதில் மகிழ்ச்சி. எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் மருத்துவரைக் குறைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் பாடம் கிடையாது என்பது முழு உண்மை இல்லை. பருவத்துக்கும் பருவத்துக்கும் இடையில் கல்லூரி சில வகுப்புகளைத் தனியாக நடத்துகிறது. வழக்கமான பருவங்களில் மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அரசு பணம் தருகிறது. இடைக்காலத்தில் தராது. ஆகவே ஜனவரி வகுப்பு தன்னைத் தானே சுமக்க வேண்டும். ஆசிரியர் சம்பளம், ஆய்வுக்கூடத்து மின்சாரம், கூட்டுபவர் கூலி எல்லாம் மாணவர்கள் கட்டுவதிலிருந்துதான் வர வேண்டும். பன்னிரண்டு பேர் கட்டினால் வகுப்பு நடக்கும். பதினொருவர் என்றால் கதவு திறக்காது. டிசம்பர் இரண்டாம் வெள்ளி மாலை கணக்கு முடியும்.

டீன் கிரேக் லிண்ட்குவிஸ்ட் போன வாரம் என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர், எதையும் கேள்வியாகவே பேசுவார்.

"மிஸஸ் அவிலா, ஜனவரிக்கு உடற்கூறியல் போடலாமான்னு பாக்கறோம். நீங்க எடுப்பீங்களா?"

"நான் எடுக்கலைன்னா வேற யார் இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்புறம் என்ன கேள்வி?"

எழுபத்துநான்கு வயதுப் பகுதிநேர ஆசிரியையை எந்த நிறுவனமும் விரும்பி வைத்துக்கொள்வதில்லை. எலும்பும் தசையும் ஐந்தே வாரத்தில் கற்பிக்க ஆள் அகப்படாததால் என்னை வைத்திருக்கிறார்கள்.

ஆகவே என் பதில் இது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் நான் இங்கே இருப்பேன். சேராவிட்டால் அங்கே வருகிறேன், ஐந்து வாரமும். இது வாக்கு. வகுப்பு நடக்காமல் போக நீ வேண்டிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அன்புடன்,
தியோலிண்டா


செட்ரோஸ்
22 அக்டோபர் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

உன் அழுத்தம் இறங்கியதா? நான் நலம். பசியும் தூக்கமும் இருக்கின்றன.

வேண்டிக்கொள்ளலாம் என்றாய். முறைப்படி இருக்கட்டும் என்று பாதர் வால்டெமாரிடம் போனேன்.

"பாதர், ஒரு வகுப்பு நடக்காம போகணும்னு ஜெபம் பண்ணலாமா?"

"என்ன வகுப்பு?"

"எலும்பு."

"யாரோட எலும்பு?"

"பொதுவா எலும்பு பாதர். கலிஃபோர்னியால."

"படிக்கறவங்களுக்குக் கெடுதல் நினைக்கலாமா, நத்தாலியா?"

"கெடுதல் எங்க நினைச்சேன்? பன்னெண்டு பேர் வேண்டாம், பதினொருத்தர் போதும்கறேன்."

"அந்தப் பதினொருத்தருக்கும் படிப்புப் போயிடுமே."

"அவங்களுக்கு வேற ஜனவரி வரும் பாதர். நான் அவங்களைவிட வயசானவ."

எனக்குக் கேட்க வேண்டுமே என்று அவர் உரக்கப் பேசியதால் கோயில் முழுவதும் கேட்டுவிட்டது. இப்போது ரொட்டிக் கடைக்காரி என்னைக் கண்டால் வணக்கம் சொல்வதற்கு முன்னால், "எத்தனை பேர் ஆச்சு?" என்கிறாள். எத்தனை பேர் ஆயிற்று?

மாடி அறையின் ஜன்னல் சட்டங்கள் கடல்காற்றில் உரிந்து தொங்குகின்றன. நீ வந்தால் அங்கேதான் தூங்குவாய். சாயம் அடிக்க ஓர் ஆளிடம் சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. "வர்றேன் அக்கா, வர்றேன்" என்கிறான். அவன் வரும் லட்சணம் தெரிந்துவிட்டது. சாயமும் தூரிகையும் வாங்கி வைத்துவிட்டேன். ஏணி எர்மெலிண்டா வீட்டில் இருக்கிறது.

உன் எண்ணிக்கைக்குக் காத்திருக்கும்,
நத்தாலியா


ஹார்ட்லி
14 நவம்பர் 2014

அன்புள்ள நத்தாலியாவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். பாதரிடம் நீ நடத்திய வழக்கைப் படித்து, மதிய உணவு அறையில் தனியாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வேறு மேசைக்குப் போனார்.

ஒன்பது பேர்.

இங்கே எண்ணிக்கையை நிரப்ப ஒரு வழக்கம் உண்டு. வகுப்பு விழும் போலிருந்தால் ஆசிரியரே தன் சொந்தக்காரர் ஒருவர் பெயரைச் சேர்த்து, கட்டணத்தையும் தானே கட்டிவிடுவார். இரவல் தலை என்று சொல்கிறோம். அலுவலகத்துக்குத் தெரியும், பணம் வந்தால் சரி என்று விட்டுவிடுவார்கள். வெல்டிங் ஆசிரியர் மூன்று ஜனவரிகளாகத் தன் மாமியாரை வெல்டிங் வகுப்பில் சேர்த்துவருகிறார். அந்த அம்மாள் அரிசோனாவில் இருக்கிறார், இரும்பைத் தொட்டதில்லை. எனக்கு இந்த வழக்கம் பிடிக்காது. படிக்க ஆள் இல்லாத வகுப்பு படுத்துவிட வேண்டியதுதான்.

ஆனால் படிக்க ஆள் இருக்கிறது. யெசேனியா பாரியோஸ் என்றொரு பெண், நாற்பத்தொரு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். நர்ஸிங்குக்கு விண்ணப்பிக்க இந்த ஒரு பாடம்தான் பாக்கி. பிப்ரவரிக்குள் முடிக்க வேண்டும். வழக்கமான பருவத்தில் இந்த வகுப்புக்கு இடம் கிடைக்காமல் மூன்று முறை காத்திருப்போர் வரிசையிலேயே நின்றிருக்கிறாள். நேற்று வாகன நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், நடக்குமா நடக்காதா? நேரா சொல்லுங்க."

"இன்னும் மூணு பேர் வேணும்."

"என் தங்கச்சியைச் சேத்துவிடட்டுமா?"

"அவளுக்கு எலும்பு பத்திப் படிக்கணுமா?"

"அவளுக்கு எலும்பே கிடையாது டீச்சர். நாள் பூரா சோஃபாலதான் கிடக்கறா."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மூடுபனி இறங்கத் தொடங்கிவிட்டது. காலையில் எங்கள் தெருமுனை தெரிவதில்லை. மாலை வகுப்பு முடிந்தபின் நான் உடனே வீட்டுக்குப் போவதில்லை, ஆய்வுக்கூடத்தில் எலும்புகளைத் துடைத்து அடுக்குகிறேன். துடைக்க வேண்டிய அவசியம் எப்போதும் இருப்பதில்லை.

அன்புடன்,
தியோலிண்டா


ஹார்ட்லி
6 டிசம்பர் 2014

அன்புள்ள நத்தாலியாவுக்கு,

அக்டோபருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நலமாக இருக்கிறாய் என்றே கொள்கிறேன். உடம்பு சரியில்லை என்றால் எர்மெலிண்டா ஊரைக் கூட்டியிருப்பாள். ஆகவே நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாய். ஒன்பது என்று எழுதியதற்கா? எண்ணிக்கை என் கையில் இல்லை.

இப்போது பதினொன்று. நேற்று ஒருவர் சேர்ந்தார், இன்று ஒருவர் விலகினார், மாலையில் இன்னொருவர் சேர்ந்தார். வெள்ளிவரை நேரம் இருக்கிறது. பாஸ்டன் வழியாக விமானம் பார்த்துவைத்தேன், வாங்கவில்லை. கம்பளிக் கோட்டு கிடைத்தது. பூச்சி ஒரு கையைத் தின்றிருக்கிறது, மற்றக் கை நன்றாக இருக்கிறது.

எனக்கு எது வேண்டும் என்று நீ இதுவரை கேட்கவில்லை. கேட்டாலும் நான் சொல்லப்போவதில்லை.

ஒரு வரியாவது எழுது.

தியோலிண்டா


ஹார்ட்லி
13 டிசம்பர் 2014

அன்புள்ள நத்தாலியாவுக்கு,

நலமா? உன் மௌனம் ஏழு வாரத்தைத் தாண்டிவிட்டது.

பன்னிரண்டு ஆகிவிட்டது. எப்படி ஆனது என்பதை நானே சொல்லிவிடுவது முறை.

நேற்று மாலை அலுவலகம் மூடும் நேரம் நான் உள்ளே போனபோது எண்ணிக்கை பதினொன்றில் நின்றது. வெளியே நடைக்கூடத்து பெஞ்சில் யெசேனியா பேருந்துச் சீருடையோடு உட்கார்ந்திருந்தாள். என்னையே பார்த்தாள். கிரேக் கணினியை அணைக்கக் கை வைத்தவர் எனக்காக நிறுத்தினார்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு மிஸஸ் அவிலா. யாராவது இருக்காங்களா?"

"எழுதிக்கோங்க. நத்தாலியா."

"பிறந்த தேதி?"

சொன்னேன். ஒரு கணம் திரையைப் பார்த்தார்.

"இவங்க வகுப்புக்கு வருவாங்களா?"

"கொஞ்சம் தூரத்துல இருக்காங்க."

"அரிசோனாவா?"

"அதுக்கும் அப்பால."

அவர் பெயரை ஏற்றினார். கட்டணத்தை நான் கட்டினேன். வெளியே வந்து யெசேனியாவிடம் தலையை ஆட்டினேன். அவள் எழுந்து, என்னைக் கட்டிக்கொள்ள வந்து, என் முகத்தைப் பார்த்துக் கையை மட்டும் பிடித்துவிட்டுப் போனாள்.

எர்மெலிண்டாவின் பெயரைக் கொடுத்திருக்கலாமே என்பாய். கேட்டவுடன் உன் பெயர்தான் வந்தது. பிறந்த தேதியோடு எனக்குத் தெரிந்த, இன்னும் உயிரோடு இருக்கும் பெயர்கள் அதிகம் இல்லை.

பதினொருவர் இருந்தால் வருகிறேன் என்றேன். பதினொருவர் இருந்தார்கள். நான் வரவில்லை. இதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

தியோலிண்டா


செட்ரோஸ்
28 டிசம்பர் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் முடிந்தது. எர்மெலிண்டா கோழிச் சூப்பும் இனிப்பு ரொட்டியும் கொண்டுவந்தாள், போதுமான அளவு தின்றேன். நீ என்ன தின்றாய் என்று எழுதுவதே இல்லை.

என் எழுத்து சாய்ந்திருப்பதைப் பார்த்துப் பல்லைக் கடிக்காதே. மடியில் பலகை வைத்து எழுதுகிறேன். இப்போதெல்லாம் உட்கார்ந்திருப்பது அதிகம். தாமதத்துக்கு மழையைக் காரணமாக வைத்துக்கொள்.

உன் மூன்று கடிதங்களையும் ஒரே நாளில் மறுபடி படித்தேன். கடைசியானதை எர்மெலிண்டாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

"அதென்ன அக்கா அநியாயமா இருக்கு? உங்க பேரைப் போட்டே உங்ககிட்ட வராம இருக்காங்களா?"

"ஆமா."

"கோவம் வரலையா?"

"என்னை யாரும் இதுவரைக்கும் காலேஜ்ல சேத்ததில்ல எர்மெலிண்டா."

நாலாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள், உனக்குத் தெரியும். யாரையும் குறை சொல்லவில்லை. அந்நாளில் எல்லாப் பெண்களையும் நிறுத்தினார்கள், தப்பிப் போனவர்களைத் தவிர. இப்போது எனக்காகக் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறது. பாடம் எங்கே? மற்றப் பதினொருவருக்குக் கொடுப்பதை எனக்கும் அனுப்பு. படிக்க நேரம் நிறைய இருக்கிறது.

மாணவி,
நத்தாலியா


ஹார்ட்லி
9 ஜனவரி 2015

அன்புள்ள நத்தாலியாவுக்கு,

நீ எழுதியது நல்லதாயிற்று. கோபம் தீர்ந்ததில் மகிழ்ச்சி. கோபம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம்.

எலும்புக்கூட்டின் வரைபடங்களையும் முதல் வாரத்துப் பாடக்குறிப்பையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நம் மொழியில் நானே எழுதினேன். பொருத்தமான சொல் தேடுவதில் இரண்டு மாலைகள் போயின. மாலைகளுக்குத் தட்டுப்பாடு இல்லை. கடைசித் தாளில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. குறிப்பைப் பார்க்காமல் எழுது. பார்த்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

திங்கட்கிழமை வகுப்பு தொடங்கியது. காலை முழுவதும் விரிவுரை, மாலை முழுவதும் ஆய்வுக்கூடம். கல்லூரியில் மற்றக் கட்டடங்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. உணவகம் மூடல், நூலகம் மூடல். மூடுபனியில் எங்கள் கட்டடத்து விளக்கு மட்டும் எரிகிறது. முதல் நாள் பெயர்களை வாசித்தபோது உன் பெயரையும் வாசித்தேன். விட்டுவிட்டால் முறையாகாது.

"நத்தாலியா."

யெசேனியா சுற்றிப் பார்த்தாள். "யார் டீச்சர் அது? லேட்டா வருவாங்களா?"

"வரமாட்டாங்க. அடுத்த பேருக்குப் போவோம்."

இதை ஒவ்வொரு காலையும் செய்கிறேன். அவர்கள் பழகிவிட்டார்கள். உன் பெயரை வாசித்ததும் யாராவது ஒருவர் "இன்னும் வரலை டீச்சர்" என்கிறார்கள்.

விடைகளை விரைவில் அனுப்பு. நிமிர்ந்து உட்கார்ந்து எழுது, இல்லாவிட்டால் முதுகெலும்பு வளையும்.

தியோலிண்டா


செட்ரோஸ்
20 ஜனவரி 2015

மதிப்புக்குரிய ஆசிரியைக்கு,

தங்கள் இரத்த அழுத்தம் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். குறிப்பைப் பார்க்காமல் எழுதிய விடைகள் கீழே.

முதலாவது கேள்வி, உடம்பில் மிக நீளமான எலும்பு. தொடை எலும்பு.

இரண்டாவது, விரலால் அழுத்தித் தொட்டறியக்கூடிய மூன்று எலும்புகள். தோளுக்குப் போகும் காறை எலும்பு, முழங்கால் சில்லு, கணைக்கால் எலும்பு. மூன்றையும் என்மேல் தொட்டுப் பார்த்தேன். பிறகு எர்மெலிண்டாமேல் முயன்றேன். அவளுக்கும் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன்.

மூன்றாவது, வயதானவர்களுக்குத் தொடை எலும்பு எங்கே முறிகிறது. மேல் முனையில், இடுப்புக் குழிக்குள் போகும் உருண்டைக்குக் கீழே, அதன் கழுத்தில். எனக்கும் அங்கேதான் முறிந்தது. அக்டோபர் கடைசியில், ஏணியின் மூன்றாவது படியிலிருந்து. ஹோர்டா மருத்துவமனையில் உள்ளே உலோகம் வைத்துப் பூட்டினார்கள். நவம்பர் முழுவதும் அங்கே இருந்தேன். இப்போது கட்டில் சமையலறையில் இருக்கிறது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எர்மெலிண்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

நான்காவது, முறிந்த எலும்பு எவ்வாறு கூடுகிறது. முதலில் இரத்தம் கட்டுகிறது, பிறகு குருத்தெலும்பு போன்ற மென்மையான ஒன்று வளர்கிறது, பிறகு அது கடினமாகிறது. குறிப்பில் வாரக்கணக்கு இருந்தது. என் அனுபவத்தில் அது போதாது.

கேள்வி கேட்கப்பட்டதால் சொன்னேன். புகாராக எழுதவில்லை.

மாணவி,
நத்தாலியா


ஹார்ட்லி
31 ஜனவரி 2015

நத்தாலியா,

நலம் விசாரிக்கும் வழக்கத்தை இந்த முறை விடுகிறேன். விசாரித்தால் நீ பொய் எழுதுகிறாய்.

கடிதத்தைப் படித்தவுடன் எர்மெலிண்டாவைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"ஏன் எனக்குச் சொல்லல?"

"அவங்க சொல்லக்கூடாதுன்னுட்டாங்க அக்கா. கன்னி மரியா மேல சத்தியம் வாங்கிட்டாங்க."

"எதுக்கு?"

"பதினொண்ணுன்னு நின்னா அவளா வருவா, பன்னெண்டு ஆனப்புறம் இதைச் சொன்னா எலும்பைக் காட்டிக் கூப்பிட்ட மாதிரி ஆயிடும், அது வேண்டாம்னாங்க."

"நீங்களாவது புத்தி சொல்லியிருக்கலாம்."

"உங்க ரெண்டு பேருக்குமா? எனக்கு முழங்கால் வலியே போதும் அக்கா."

அதன்பின் கிரேக்கின் வீட்டுக்குப் போனேன். சனிக்கிழமை, மனிதர் முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். நான் நாளைக்கே கிளம்பினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"கிளம்பலாம் மிஸஸ் அவிலா. யாரும் தடுக்கமாட்டாங்க. ஆனா மாத்து ஆள் வைக்க இந்த வகுப்புல காசு கிடையாது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுவோம். பாடம் முடிச்சதா கணக்குல வராது, யாருக்கும்."

"ஒரு வாரம்தான் பாக்கி."

"அதான் நானும் சொல்ல வர்றேன்."

வகுப்பு வெள்ளியன்று முடிகிறது. ஞாயிறு விமானம் வாங்கிவிட்டேன். உன் எலும்பு மூன்று மாதம் காத்திருந்தது, இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். இப்படிக் கணக்குப் போட்டது எனக்கே பிடிக்கவில்லை. இருந்தாலும் போட்டேன்.

விடைகள் நான்கும் சரி.

தியோலிண்டா


ஹார்ட்லி
7 பிப்ரவரி 2015

அன்புள்ள நத்தாலியாவுக்கு,

நாளைக் காலை கிளம்புகிறேன். பதினேழாம் தேதி அடுத்த பருவம் தொடங்குவதால் அதற்குள் திரும்ப வேண்டும். ஆகவே இந்தக் கடிதம் நான் வந்து, இருந்து, திரும்பிப் போன பிறகுதான் உன் வீட்டுக்கு வரும். தெரிந்தேதான் இன்று தபாலில் போடுகிறேன்.

கில்பெர்ட்டின் அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஊர் திரும்பிய மறுநாள், தபால்பெட்டியில் மளிகைக் கடையின் விளம்பரத்தாள் ஒன்று கிடந்தது. அதை மேசையில் விரித்து முழுவதும் படித்தேன், வெள்ளரிக்காய் விலை வரைக்கும். படிக்க வேறொன்றும் வரவில்லை. ஆள் வந்து போன வீடு, ஆளே வராத வீட்டைவிட மோசமானது. அந்த நாளில் உனக்குப் படிக்க ஏதாவது இருக்கட்டும்.

நேற்று மதிப்பெண்களை ஒப்படைத்தேன். பதினொருவரும் தேறிவிட்டார்கள். யெசேனியா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"டீச்சர், எனக்கு பி-யா? நான் ஏ வரும்னு நினைச்சேன்."

"தப்பா நினைச்சுட்டே."

"நர்ஸிங்குக்கு இது போதும்ல?"

"போதும்."

"அப்ப சரி. அந்த நத்தாலியா கடைசி வரைக்கும் வரவே இல்லையே டீச்சர்."

"அவளுக்கு இடுப்பு முறிஞ்சுது."

"ஐயோ. ஆஸ்பத்திரியில கூட யாராவது இருந்தாங்களா?"

அவள் நல்ல நர்ஸாக வருவாள்.

உனக்கு எஃப். வகுப்புக்கு வராதவர்களுக்கு விதி அதுதான், விடைகள் எவ்வளவு சரியாக இருந்தாலும். நம் குடும்பத்தில் கல்லூரியில் தோற்ற முதல் ஆள் நீதான்.

ஜனவரியில் வந்திருந்தால் ஐந்து வாரம் இருந்திருப்பேன். இதை உன் முகத்துக்கு நேரே என்னால் சொல்ல முடியாது. சொன்னாலும் உனக்குக் கேட்காது.

அன்புடன்,
தியோலிண்டா


செட்ரோஸ்
20 பிப்ரவரி 2015

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நான் நேற்று ஊன்றுகோலோடு கதவுவரை நடந்தேன். பொய் இல்லை, எர்மெலிண்டாவைக் கேட்டுக்கொள்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நீ போய் மூன்றாம் நாள். சூப்பை ஆறவிட்டு, மேசையில் வைத்து மெதுவாகப் படித்தேன்.

பாஸ்டனின் பனி உன்னிடமிருந்து இரண்டு நாளை எடுத்துக்கொண்டது. மிச்சம் ஐந்து நாள் இருந்தாய். அந்த ஐந்து நாளும் நாம் அதிகம் பேசவில்லை. எனக்குக் காது கேட்கவில்லை, உனக்குக் கத்தப் பொறுமை இல்லை. நீ என் காலை மடக்கிப் பார்த்தாய், மருத்துவமனைத் தாள்களை எல்லாம் படித்தாய், எர்மெலிண்டா என்னைத் தூக்கும் முறை தவறு என்று அவளுக்குப் பாடம் எடுத்தாய். அவள் இன்னும் கோபமாக இருக்கிறாள், ஆனால் நீ சொன்னபடிதான் தூக்குகிறாள். ஒரு நாள் மாலை நீ எதிரே உட்கார்ந்து சூப் குடித்தாய். நான் பார்த்தது உனக்குத் தெரியாது. நீ ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மாடி ஜன்னலில் இரண்டு சட்டங்களுக்கு மட்டும் சாயம் ஏறியிருப்பதை நீ பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்தாய். அதற்கு நன்றி.

இந்த வருடமும் கிரேக் வருவார், கேள்வி கேட்பார், நீ எடுப்பாய். எடுத்துக்கொள். பன்னிரண்டு பேர் தாங்களாகவே வந்தால் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பேருந்துக்காரியைப்போல் வேறொருத்தி நடைக்கூடத்தில் உட்கார்ந்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். அவளுக்கு நான் கெடுதல் நினைப்பதாகப் பாதர் சொல்வார். சொல்லட்டும். என் பெயரைக் கொடுக்காதே. யார் பெயரையும் கொடுக்காதே. பதினொன்றில் நின்றால், பதினொன்றாகவே இருக்கட்டும்.

நத்தாலியா